முப்பத்தொன்பதாவது தாள்

1993 நவம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நாலு மணி பத்து நிமிடம். மொத்தம் முப்பத்தொன்பது தாள்கள். முப்பத்தேழு குப்பைக்குப் போயின. ஒன்று கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. ஒன்று நாங்கள் குடிவந்த லூயிஷாமில் ஒரு நூலகத்தின் மாடி மண்டபத்துச் சுவரில் தொங்குகிறது. சுவரில் தொங்குவதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கட்டிலுக்கு அடியில் கிடப்பதைச் சொல்லாமல் அதைச் சொன்னால் பாதிப் பொய் ஆகிவிடும்.

மகளே, உனக்கு இன்றைக்குப் பத்து வாரம். இந்தக் கடிதம் உன் இருபத்தொராவது பிறந்தநாளில் உன் கையில் தருவதற்கு. ஆகவே வளர்ந்த பெண்ணோடு பேசுவதுபோலவே பேசப்போகிறேன். மழலை பேச எனக்கு வராது, உன் அம்மாவைக் கேட்டுப் பார். எனக்கு இப்போது இருபத்தொன்பது வயது. நீ இதை வாசிக்கும்போது ஐம்பது ஆகியிருக்கும். ஐம்பது வயது அப்பாக்கள் தங்கள் கதையில் தாங்கள் வென்ற இடத்தை மட்டும் சொல்வார்கள் என்பதை நான் கண்டிருக்கிறேன். அதனால்தான் சூடு ஆறமுன் எழுதுகிறேன். நேற்று உன் அப்பா வென்றான். அதற்கு முதல் நாள் வரை அவன் ஒரு கள்ளன்.

என் தொழிலை முதலில் விளங்கிக்கொள். நான் படவரைஞன். கழிவுநீர்க் குழாய்கள் தெருவுக்கு அடியில் எங்கே போகும், எந்தச் சரிவில் போகும் என்று வரைவதுதான் வேலை. ஊரில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தது, இங்கே வந்து ஆறு வருடமாகச் செய்வது. ஒவ்வொரு வரைபடத்தின் வலது கீழ்மூலையிலும் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், அங்கீகரித்தவர் என்று மூன்று வரி. முதல் வரியில் என் பெயரின் இரண்டு எழுத்து. மூன்றாவது வரியில் வேறொருவரின் முழுக் கையெழுத்து. ஆறு வருடத்தில் எத்தனை வரைபடம் என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஒன்றில்கூட என் பெயர் முழுதாக இல்லை. அது எனக்குள் ஒரு முள். இதைச் சொல்ல வெட்கமில்லை. இந்த ஊரில் ஏதாவது ஒரு சுவரில் என் பெயரை முழுதாக நானே எழுதிப் பார்க்கவேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது. அந்த வெறிதான் என்னைக் கள்ளனாக்கியது.

மாலை வகுப்புக்குப் பெயர் பதியப் போனது கம்ப்யூட்டரில் வரையப் பழகத்தான். அது நிரம்பிவிட்டது. பதிவு செய்த பெண் பட்டியலைப் பார்த்து, வியாழக்கிழமை சீன மை ஓவியத்தில் இடம் இருக்கிறது, அதிலும் கோடுதான் போடுவது என்றாள். நான் கட்டிய காசைத் திருப்பி வாங்க வரிசையில் நிற்கப் பொறுமை இல்லாமல் சரி என்றுவிட்டேன். உன் அப்பாவின் வாழ்க்கையில் நல்லவை பலவும் வரிசையில் நிற்கப் பொறுமையில்லாமல் வந்தவைதான்.

ஆசிரியை மிஸ் லோ, ஹொங்கொங் பெண். பகலில் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை. என்னைவிட மூன்று வயது இளையவர், அதுவே எனக்கு முதல் நாள் பிடிக்கவில்லை. ஆங்கிலத்தில்தான் பேசுவார், ஆனால் சுற்றிவளைக்காமல் முகத்துக்கு நேரே சொல்லுவதால் அவருடைய குரல் எனக்கு எங்கள் வீட்டுத் தமிழில்தான் கேட்கும். அப்படியே எழுதுகிறேன்.

முதல் வகுப்பில் ஒரு புத்தகத்தை விரித்து ஒரு படத்தைக் காட்டினார். முன்னால் ஒரு பாறை, ஒரு மரப்பாலம், பாலத்தில் தடி ஊன்றி ஒரு ஆள், பிறகு வெறும் வெள்ளையாய்ப் பனிமூட்டம், அதற்கு மேலே பெரிய மலை. மூலையில் செங்குத்தாக எழுத்து. அது என்ன என்று கேட்டேன்.

"தனக்கு முந்தின ஓவியர் ஒருத்தரின்ர வழியைப் பாத்துக் கீறினது எண்டு எழுதியிருக்கிறார். கீழ தன்ர பேர்."

"அப்ப இது கொப்பி."

"இல்லை."

"ஒருத்தரைப் பாத்துக் கீறினதெண்டு அவரே ஒத்துக்கொள்ளுறார். பிறகென்ன இல்லை?"

மிஸ் லோ புத்தகத்தைத் தட்டினார். "மூண்டு விதம் இருக்கு. ஒண்டு, படத்துக்கு மேல தாளை வைச்சுக் கீறுறது. ரெண்டாவது, படத்தைப் பக்கத்தில வைச்சுப் பாத்துக் கீறுறது. மூண்டாவது, புத்தகத்தை மூடி வைச்சிட்டுக் கீறுறது. முதல் ரெண்டும் பயிற்சி. அடுத்த வருசம் நத்தார்ப் பண்டிகைக்கு முதல் நூலகத்தில கண்காட்சி வைப்பம். மூண்டாவதைத்தான் சுவரில மாட்டுவன். கீழ ஆரின்ர வழி எண்டும் எழுதவேணும், உங்கட பேரும் எழுதவேணும்."

பேர் என்ற சொல் காதில் விழுந்ததும் மற்ற எல்லாவற்றையும் மறந்துவிட்டேன்.

ஒரு வருடமும் இரண்டு மாதமும் போனேன். அந்தத் தாள் எங்கள் அலுவலகத் தாள்போல் இல்லை. மை பட்டவுடன் குடிக்கும். தூரிகையை அரை நொடி நிறுத்தினால் அந்த இடத்தில் குளம் கட்டும். மலையின் உடம்புக்கு அவர்கள் போடும் கோட்டுக்குச் சணல்நார்க் கோடு என்று பெயர். பிரித்துப்போட்ட சணல் நார்போல் நீளமாய், தளர்வாய், ஒன்றின்மேல் ஒன்று விழுந்து வரவேண்டும். என் கோடுகள் குழாய்போல் வந்தன. முப்பத்தேழு தாள். பக்கத்து மேசையில் டொரீன் என்று ஒரு முன்னாள் பஸ் கண்டக்டர் அம்மா, அறுபது தாண்டியவர். என் மலையைப் பார்த்து, "கண்ணு, இதில எந்தக் குழாயைத் திறந்தால் தண்ணி வரும்?" என்பார். வகுப்பே சிரிக்கும். உன் மாமா, அம்மாவின் அண்ணன், நகரின் மறுகோடியில் உள்ள செவன் கிங்ஸில் இருந்து வரும் ஞாயிறுகளில் இன்னும் மோசம். "என்ன மச்சான், உலகமெல்லாம் சீனாக்காரன்தான் மற்றவையின்ர சாமானைக் கொப்பி அடிக்கிறான் எண்டு சொல்லுது. நீர் அவனையே கொப்பி அடிக்கிறீர்!"

இந்த நவம்பர் பிறந்தது. நீ பிறந்து எட்டு வாரம். வகுப்பில் எல்லோருக்கும் மாட்ட ஒரு படம் இருந்தது, எனக்கு இல்லை. அப்போதுதான் செய்தேன். புத்தகப் படத்தை அலுவலகப் போட்டோக்கொப்பி இயந்திரத்தில் இரண்டு மடங்காகப் பெருப்பித்தேன். நான்கு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், கீழே வெளிச்சம் எரியும் கண்ணாடி மேசையில் அதை வைத்து, மேலே சீனத் தாளை வைத்து, கோட்டுக்குக் கோடு எடுத்தேன். மெதுவாக வரைந்தால் மை ஊறும் என்பதால் தண்ணீரைக் குறைத்து, தூரிகையைத் துணியில் ஒற்றி ஒற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்தேன். ஒரு ஊறல் இல்லை. டிவைடர் வைத்து அளந்தேன், அரை மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை. அதுதான் முப்பத்தெட்டாவது தாள்.

வியாழக்கிழமை மிஸ் லோ அதை நெடுநேரம் பார்த்தார். "எப்பிடிக் கீறினனீர்?"

"புத்தகத்தை மூடி வைச்சிட்டு."

மகளே, உன் அப்பா சொன்ன பொய்களில் ஆகக் குறுகியது அதுதான். ஒரு நொடி எடுத்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு படத்தைப் பார்த்தார். "அப்ப பேரை எழுதும்," என்றார். எழுதினேன், முழுப்பெயர். என் அப்பாவின் பெயரையும் சேர்த்து, தமிழில், தூரிகையால். ஒரு வருடமாக ஆசைப்பட்ட அந்தப் பெயரைத் திரும்ப வாசிக்காமல் தூரிகையைக் கழுவப் போனேன்.

பிறகு அவர் படத்துக்கு முதுகுத்தாள் ஒட்டுவது எப்படி என்று விளக்கத் தொடங்கினார். மை காய்ந்ததும் தாள் சுருங்கும், பின்னால் இன்னொரு தாளைக் கோதுமை மாப் பசையால் ஒட்டிக் காயவிட்டால் பலகைபோல் நேராகும். கோதுமை மாப் பசை, அவ்வளவுதானே, சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்று நினைத்து, அவர் கண்ணில் படாமல் இருந்தால் போதுமென்று பத்து நிமிடம் முந்தியே வெளிக்கிட்டுவிட்டேன். நான் போனபிறகு ஆளுக்கொரு போத்தல் பசை கொடுத்திருக்கிறார். புத்தகத்தையும் கண்காட்சிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவென்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலையால் வந்ததும் வராததுமாகக் குசினிக்குள் போய் மா டின்னைத் திறந்தேன். எங்கள் வீட்டில் மா என்றால் என்ன என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனால் இதை வாசிக்கப்போகும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். கோதுமை மாவை வாங்கி வந்தால் அதைத் துணியில் கட்டி ஆவியில் அவித்து, கட்டி உடைத்து, அரித்துத்தான் டின்னில் போடுவோம். புட்டுக்கும் இடியப்பத்துக்கும் அதுதான் பதம். புட்டு உதிர்ந்து வருவதே மா அவிந்துவிட்டதால்தான். உதிர்வதற்கென்று தயாரித்த மாவில் நான் பசை காய்ச்சினேன். மணல்மணலாக வந்தது. தண்ணீர் விட்டேன், இன்னும் மணல். வடிக்கப் பொறுமையில்லை. அப்படியே பூசி, முதுகுத்தாளை ஒட்டி, அலுமாரிக் கதவில் காயப்போட்டேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அலுமாரியைப் பார்த்தேன். மலையிலும் பாலத்திலும் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. பனிமூட்டம் இருந்ததே, ஒன்றும் வரையாமல் விட்ட அந்த வெள்ளை, அதில் மட்டும் அம்மை போட்டதுபோல் நூற்றுக்கணக்கில் பரு. தாளை உரிக்கப் பார்த்தேன், பாலம் இரண்டாய்க் கிழிந்தது. தடி ஊன்றிய ஆள் ஒரு கரையிலும் அவன் தடி மறுகரையிலும்.

நான் கத்திய கத்தலில் நீ எழும்பிவிட்டாய். "இந்த வீட்டில ஒரு றாத்தல் பச்சை மா வைக்கக் கூடாதோ? எல்லாத்தையும் அவிச்சே வைப்பீர்?"

உன் அம்மா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று கிழிந்த படத்தைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. "இஞ்சாருங்கோ, அது புட்டுக்கு வைச்ச மா. மலைக்கு வைச்சதில்லை." உன்னைத் தட்டிக்கொடுத்தபடியே தொடர்ந்தார்: "வெளிச்ச மேசையில வைச்சுக் கீறினதுக்கு இவ்வளவு கவலை எதுக்கு?"

அலுவலகப் பையில் இருந்த போட்டோக்கொப்பியை அவர் செவ்வாய்க்கிழமையே பார்த்திருக்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் திட்டவில்லை. "கண்காட்சி எத்தினை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

மிஸ் லோவுக்குப் போன் செய்தேன். படம் பழுதாகிவிட்டது என்றேன். "பன்னிரண்டு மணி வரைக்கும் உங்கட ஆணி சுவரில இருக்கும். பிறகு பிடுங்கிப்போடுவன்," என்று வைத்துவிட்டார்.

எட்டு இருபதுக்குக் குசினி மேசையில் மைக்கல்லை வைத்து, தண்ணீர் விட்டு மைக்கட்டியை உரைத்தேன். புத்தகம் இல்லை. போட்டோக்கொப்பியை அம்மா என் கண்முன்னாலேயே நாலாய் மடித்துக் குப்பைக்குள் போட்டார். எனக்கு அந்த மலையின் அளவுகள் எல்லாம் மனப்பாடம். உயரம் எத்தனை, அகலம் எத்தனை, பாலம் இடது ஓரத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டால் சொல்லுவேன். கண்ணை மூடினால் எண்கள்தான் தெரிந்தன, மலை தெரியவில்லை. ஒரு வருடம் ஒரு மலையைப் பார்த்தவனுக்கு அதன் முகம் தெரியாது. அதைவிடப் பெரிய தோல்வி எனக்கு ஞாபகமில்லை.

நீ அழுகையை நிறுத்தவில்லை. அம்மா பதினொரு மணிக்கு வேலைக்குப் போகவேண்டும், குளிக்கவேண்டும். உன்னைக் கொண்டுவந்து ஆட்டும் தொட்டிலில் மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, "காலால ஆட்டுங்கோ, கைதானே வேலை செய்யுது," என்று போய்விட்டார். ஆட்டினேன். இடது காலால் தள்ளுவதும் தொட்டில் திரும்பி வருவதும். வலது கை தூரிகையோடு சும்மா இருந்தது. காலை நிறுத்தினால் நீ கத்துவாய், ஆகவே எதைச் செய்தாலும் ஆட்டிக்கொண்டுதான் செய்யவேண்டும். பாறையைத் தொடங்கினேன். தள்ளும்போது ஒரு கோடு, தொட்டில் வரும்போது அடுத்தது. நிறுத்த முடியாததால் தூரிகையும் நிற்கவில்லை. நிற்காததால் மை ஊறவில்லை. மூச்சைப் பிடிக்க முடியாது, ஏனென்றால் உனக்கு ஏதோ முணுமுணுத்துக்கொண்டும் இருந்தேன். பாறை முடிந்ததும் பாலம் எங்கே என்று யோசிக்கவில்லை, பாறை முடிந்த இடத்தில் அது தொடங்கியது. அந்த ஆளை வைத்தேன். தூரிகையில் மை தீர்ந்த இடத்தில் பனிமூட்டம் வந்தது. நான் விட்டதல்ல, அதுவாகவே வந்தது. பிறகு மலை. நீண்ட, தளர்ந்த, ஒன்றின்மேல் ஒன்று விழும் கோடுகள். சணல் நார். நாற்பது மைல் நீளத்துக்குக் குழாய் வரைந்த இந்தக் கையில் இருந்துதான் வந்தது, பிள்ளை!

உன் அம்மா தலை துவட்டிக்கொண்டு வந்து பார்த்தார். "மலை கொஞ்சம் சரிஞ்சு நிக்குது."

"சரிஞ்சுதான் நிக்கும். இடப்பக்கம் ஆட்டினனான்."

"முந்தினதைவிட இது வடிவு," என்றார். நீ நித்திரை. மணி பத்து நாற்பது.

ஒட்டப் பசையும் இல்லை, காயவைக்க நேரமும் இல்லை. தாளைச் சுருட்டி, உன்னைத் தோளில் கட்டிக்கொண்டு, நூலகத்துக்கு நடந்தேன் என்று சொல்லமாட்டேன், ஓடினேன். மிஸ் லோ கையில் சுத்தியலோடு நின்றார். படத்தை விரிக்கமுன் சொன்னேன்: "வியாழக்கிழமை காட்டினது ட்ரேசிங். பொய் சொன்னனான்."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டே ஏன் பேரை எழுதச் சொன்னனீங்கள்?"

"கீழ இருக்கிறது உங்கட பேர். அதை நான் ஏன் காவல் காக்கவேணும்?" என்றார். பிறகு தாளை மேசையில் விரித்து நான்கு மூலையிலும் கை வைத்துப் பார்த்தார். குனிந்து பார்த்தார். எனக்கு வாய் பொறுக்கவில்லை. அளவு பிழை, மலை சரிவு, பாலம் கிட்ட வந்துவிட்டது என்று நானே குற்றப்பட்டியல் வாசித்தேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"மற்ற மலை மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது. இது விடுது. என்ன செய்தனீர்?"

"பிள்ளையை ஆட்டினன்."

அவர் உன்னைப் பார்த்தார். நீ அவர் முகத்தை நோக்கிப் பால் மணக்க ஏவறை விட்டாய். அவர் சிரித்து நான் முதல்முறை கண்டேன். "பேர் எங்க?" என்றார். அங்கேயே, நின்றபடி, யாருடைய வழியில் வரைந்தது என்று எழுதி, கீழே என் பெயரை எழுதினேன். இந்த முறை அதைத் திரும்ப வாசித்துப் பார்த்தேன்.

முதுகுத்தாள் இல்லாததால் டொரீன் இரண்டு கிளிப் கொண்டுவந்து ஆணியில் மாட்டினார். மற்றப் படங்கள் எல்லாம் பலகைபோல் நேராக நின்றன. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் என்னுடையது மட்டும் சுவரில் மெல்ல எழும்பித் தணிந்தது. வந்தவர்கள் எல்லோரும் முதலில் அங்கேதான் போனார்கள். "இந்த மலையில தண்ணிக் குழாய் ஒண்டையும் காணேல்லையே!" என்று டொரீன் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

மூன்று மணிக்கு உன் மாமா வந்தார். படத்துக்குக் கிட்டப் போய் எழுத்தைப் பார்த்துவிட்டு, இங்கிலிஷ் சனத்துக்கு நடுவில் என் முழுப்பெயரைச் சத்தம்போட்டு வாசித்தார். தேவாரம் பாடுவதுபோல் இழுத்து. திரும்பி, "மச்சான், ஆரைப் பாத்துக் கீறினதெண்டும் எழுதி வைச்சிருக்கிறீர். கள்ளன் களவெடுத்த வீட்டு அட்ரசை எழுதி ஒட்டின மாதிரி!"

"கள்ளன் எழுதமாட்டான் மச்சான். படிச்சவன்தான் எழுதுவான்," என்றேன். இரண்டு நாளுக்கு முன்னர் எனக்கு அந்தப் பதில் தெரியாது. மாமா பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கி, "மை பிரதர்-இன்-லோ, மை பிரதர்-இன்-லோ," என்று படத்தைக் காட்டினார். அந்த மனிதருக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் அவரும் என்னை வாழ்த்திவிட்டுப் போனார்.

இனி உனக்கு நான் சொல்லவேண்டியது. நீ எங்களைப் பார்த்துத்தான் வளர்வாய், அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் என்மேல் தாளை வைத்து உன்னை வரையாதே. நான் வெளிச்ச மேசையை எரியவிட்டுக்கொண்டு உனக்குக் கீழே படுக்கவும் மாட்டேன். உன்னை எஞ்சினியர் ஆக்குவேன், என் பெட்டியின் மூன்றாவது வரியில் உன் கையெழுத்தை வைப்பேன் என்று நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரி நடையில் நின்று உன் மாமாவிடம் சொன்னேன். அந்தப் பேச்சைத் திருப்பி எடுக்கிறேன். சிறுவயதில் மேலே வைத்து எழுது, பிறகு பக்கத்தில் வைத்துப் பார், பிறகு எங்களை மூடி வை. எங்களிடம் எதை எடுத்தாய் என்பதை மட்டும் மறைக்காமல் எழுது. அம்மாவின் நிதானத்தை எடுத்தால் அவரிடமிருந்து என்று எழுது. என் அவசரத்தை எடுத்தால் அதற்கும் என் பெயரைப் போடு, நான் மறுக்கமாட்டேன். அதற்குக் கீழே உன் பெயர் வரவேண்டும், முழுதாக. சரிந்து நின்றாலும் பரவாயில்லை.

இனி நான் செய்யப்போவது:

1. அம்மா ஐந்து மணிக்கு வேலையால் வருவார். கோட்டைக் கழற்றமுன் மன்னிப்புக் கேட்பேன். மாவைப் பற்றிக் கத்தியதற்கு.

2. நாளைக்குப் பச்சைக் கோதுமை மா ஒரு பை வாங்கி, தனி டின்னில் போட்டு, மூடியில் 'மலைக்கு' என்று எழுதுவேன்.

3. வியாழக்கிழமை வகுப்புக்குப் பத்து நிமிடம் முந்திப் போவேன். முடிந்து பத்து நிமிடம் பிந்தி வெளிக்கிடுவேன். இதில் எனக்கே நம்பிக்கை குறைவு, எழுதி வைத்தால் செய்வேன்.

4. முப்பத்தெட்டாவது தாளை எறியமாட்டேன். இந்தக் கடிதத்தோடு சேர்த்து உனக்கே தருவேன். பருக்களைத் தடவிப் பார். அப்பாவின் பொய் தொட்டால் எப்படி இருக்கும் என்று தெரியும்.

5. இந்தக் கடிதத்தின் ஒரு பிரதியை இங்கே வரும் தமிழ்ச் சஞ்சிகைக்கு அனுப்புவேன். மற்றப் பிள்ளைகளின் அப்பாக்களும் வாசிக்கட்டும்.

6. நாற்பதாவது தாளை விரிப்பேன். மை உரைத்தாயிற்று, தொட்டில் மேசைக்கு அடியில்தான் இருக்கிறது. நீ எழும்புவதற்காகத்தான் காத்திருக்கிறேன்.